ஏழாவது நாள் எதுக்கு பாஸ்?

செமஸ்டரோட கடைசி பேப்பரை எழுதிட்டு வந்து, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் கேங்கா நிக்கிறீங்க. யாரோ ஒருத்தன் மொபைல்ல பனிமலை போட்டோ ஒண்ணைக் காட்டி, "மச்சி, இமயமலை போலாமாடா?"ன்னு கொளுத்திப் போடறான். பத்து நிமிஷத்துல குரூப் ரெடி. பேரு, 'பனியில் பத்து பேர்'. மறுநாள் காலையில பார்த்தா அந்த பத்துல நிஜமாவே கிளம்பற ஐடியாவுல இருக்கறது ரெண்டே பேர்!

இந்த வாரம் அந்த ரெண்டு பேருக்காகத்தான். மிச்ச ஆளுங்களை அவங்களே இழுத்துட்டு வந்துடுவாங்க.

முதல் கேள்வி, எந்த மலை? இதை மேப்பை வெச்சு முடிவு பண்ணாதீங்க பாஸ். உங்க காலேஜ் காலண்டரை வெச்சு முடிவு பண்ணுங்க. உத்தராகண்டில் இருக்கிற 'வேலி ஆஃப் ஃப்ளவர்ஸ்' சூப்பர் இடம்தான். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனா பூக்கள் கொட்டிக் கிடக்கிறது ஜூலை, ஆகஸ்ட் மாசத்துல. நமக்கு அப்போ இன்டர்னல் டெஸ்ட், அந்த ஊருக்கு அப்போ மழையும் மண்சரிவும். மே, ஜூன்ல லீவு கிடைச்சா ஹிமாச்சலில் கசோல் பக்கம் இருக்கிற சார் பாஸ் இருக்கு. யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் பல வருஷமா அங்கே கோடை ட்ரெக் நடத்திட்டு வருது. ஆனா உயரம் 4,200 மீட்டர் கிட்ட. முதல் தடவைக்குக் கொஞ்சம் ஓவர். ரூப்குண்ட் பத்தி பழைய புத்தகத்தில் படிச்சிட்டு யாராவது ஆசை காட்டினா, உடனே தலையாட்டிடாதீங்க. மரம் வளர்றது நின்னுபோற உயரத்துக்கு மேல இருக்கிற புல்வெளிகளை அங்கே 'புக்யால்'னு சொல்றாங்க. அதில் ராத்திரி தங்கக் கூடாதுன்னு உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018-ல் உத்தரவு போட்டுச்சு. அந்த வழியோட கணக்கே அதுக்கப்புறம் மாறிப்போச்சு.

நம்ம டிசம்பர், ஜனவரி லீவுக்கு, முதல் தடவை பனி பார்க்கிற ஆளுக்கு, என் ஓட்டு கேதார்கந்தாவுக்குத்தான். உயரம் 3,810 மீட்டர். டேராடூனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் வண்டியில் போனா சாங்க்ரின்னு ஒரு மலைக் கிராமம். அங்கேயிருந்து நடை. கிறிஸ்துமஸ் வாரம் மட்டும் வேண்டாம். அந்த வாரம் அந்த மலை, பண்டிகை நேரத்து தி.நகர் மாதிரி இருக்கும்.

இப்போ நாள் கணக்கு. "ஒன் வீக் ட்ரிப் மச்சி"ன்னு வீட்டுல சொல்லிட்டு மாட்டிக்காதீங்க. மலைக்குத்தான் ஒரு வாரம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ராத்திரி பத்து மணி வாக்கில் சென்ட்ரலில் கிளம்பினா, டெல்லியில் விடியறது மறுநாளுக்கு மறுநாள். (அது கூடூர் வழியா வடக்கே போற வண்டி. ஆவடி ஸ்டேஷன்ல நின்னு கை காட்டினா வராது! லோக்கல் பிடிச்சு சென்ட்ரல் போய்த்தான் ஆகணும்.) டெல்லியிலிருந்து அன்னிக்கு ராத்திரி பஸ்ஸோ ரயிலோ பிடிச்சா, காலையில் டேராடூன். ஆக ஜனவரி 1 ராத்திரி கிளம்பினா, 4-ம் தேதி காலையில்தான் மலையடிவாரம். 10-ம் தேதி சாயங்காலம் திரும்ப டேராடூன். 11 ராத்திரி டெல்லியில் ரயில் ஏறினா 13-ம் தேதி காலையில் வீடு. போகிக்கு பழைய பாயை எடுத்துப்போட நீங்க இருப்பீங்க, அம்மாவும் ஹேப்பி. அதுக்குள்ள காலேஜ் திறந்துடும்னா டிசம்பர் நடுவிலேயே கிளம்புங்க. பனி கொஞ்சம் கம்மியா இருக்கலாம், கூட்டமும் கம்மியா இருக்கும்.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. அந்த 60-வது நாள் காலையில் தூங்கிட்டா, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட் நம்பரைப் பார்த்தே பனி கொட்டற மாதிரி இருக்கும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். கேதார்கந்தாவை கூட்டிட்டுப் போற கம்பெனிகள் பொதுவா போடற பிளான், டேராடூனிலிருந்து டேராடூனுக்கு ஆறே நாள். முதல் நாள் வண்டியில் சாங்க்ரி. ரெண்டாம் நாள் ஜூடா கா தாலாப்னு ஒரு ஏரிக்கரை. மூணாம் நாள் பேஸ் கேம்ப். நாலாம் நாள் உச்சி தொட்டு ஹர்காவ்னு இன்னொரு கேம்ப் வரைக்கும் இறக்கம். அஞ்சாம் நாள் சாங்க்ரி. ஆறாம் நாள் டேராடூன். நான் மேலே போட்ட கணக்குல 4-லிருந்து 10 வரை எண்ணிப் பாருங்க, ஏழு நாள் வரும். அந்த ஒரு நாள் அதிகம் எதுக்குன்னு கேட்பீங்க. பிளான் போடும்போது முதலில் வெட்டுப்படறதும் அந்த நாள்தான். "ஏன்டா சும்மா ஒரு நாள், அதுக்கு முசூரி பார்த்துட்டு வரலாமே"ன்னு ஒருத்தன் கிளம்புவான். அவன்கிட்ட கீழே இருக்கிற கணக்கைக் காட்டுங்க.

அம்பத்தூர், ஆவடி எல்லாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் இருபது மீட்டர் உயரம். தமிழ்நாட்டின் உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். கேதார்கந்தா வழியில் நீங்க டென்ட் போடற முதல் கேம்ப்பான ஜூடா கா தாலாப் கிட்டத்தட்ட 2,770 மீட்டர். அதாவது, முதல் ராத்திரியே தமிழ்நாட்டுல எங்கேயும் நிக்க முடியாத உயரத்துல தூங்கப்போறீங்க! அடுத்த ராத்திரி பேஸ் கேம்ப், சுமார் 3,430 மீட்டர். அங்கே காத்தோட அழுத்தம் நம்ம ஊரில் இருக்கிறதில் மூணில் ரெண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும்.

மலை டாக்டர்கள் சொல்ற பொது விதி ஒண்ணு இருக்கு. 3,000 மீட்டரைத் தாண்டினதும், தூங்கற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க. 2,770-லிருந்து 3,430-க்கு எவ்வளவு? 660. விதி லேசா மீறுது. நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகறதில்லை. சிலருக்கு ஆகும். யாருக்கு ஆகும்னு முன்கூட்டி சொல்லவே முடியாது. ஜிம் பாடி, காலேஜ் கபடி டீம் கேப்டன், மாரத்தான் ஓடினவன்... இதெல்லாம் இங்கே செல்லாது. சொல்லப்போனா அவன்தான் முதல் ஆளா வேகமா ஏறி முதல் ஆளா மாட்டுவான்.

அறிகுறி என்ன? தலைவலி. கூடவே வாந்தி வர்ற மாதிரி, பசியின்மை, தலைசுத்தல், அசதி. பார்க்க சாதாரண காய்ச்சல் தலைவலி மாதிரிதான் இருக்கும். உயரத்தில் தலைவலி வந்தா, வேற காரணம் நிரூபணம் ஆகற வரைக்கும் அது உயரத்தால வந்ததுன்னே எடுத்துக்கணும். அதோட மேலே ஏறவே கூடாது. அதே உயரத்துல ஒரு நாள் தங்கினா பெரும்பாலும் சரியாயிடும். அந்த 'ஒரு நாள்' உங்க பிளான்ல எங்கே இருக்கு? அதுதான் ஏழாவது நாள்.

தங்கியும் சரியாகலை, இல்லை அதிகமாகுதுன்னா இறக்கம்தான் மருந்து. சந்தேகமா இருந்தா நேர்க்கோட்டுல, ஒரு காலோட குதிகால் இன்னொரு காலோட விரலைத் தொடற மாதிரி நடக்கச் சொல்லுங்க. தள்ளாடினா, பேச்சு குழறினா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. வழிகாட்டியை எழுப்பி அப்பவே இறக்கணும். உயிர் போற கட்டம் அது. 'டயமாக்ஸ்'னு ஒரு மாத்திரை பேரு காதில் விழும். அதை டாக்டர்கிட்ட கேட்காம நண்பன் பையிலிருந்து வாங்கி முழுங்காதீங்க, சல்ஃபா அலர்ஜி இருக்கிறவங்களுக்கு ஒத்துக்காம போகலாம். தூக்க மாத்திரையும் சரக்கும் அங்கே கூடவே கூடாது. புரியுதா மாமு?

தலைவலியை மறைக்கிற நண்பன்

புத்தகத்துல போடாத விஷயம் ஒண்ணு இருக்கு. தலைவலி வந்தவன் சொல்லமாட்டான்! ஏன்? பார்ட் டைம் வேலை பார்த்து, அக்காகிட்ட கடன் வாங்கி, தலைக்கு பதினஞ்சாயிரம் போட்டு வந்திருக்கான்னு வெச்சுக்குங்க. "என்னால எல்லாருக்கும் கெட்டுப்போச்சு"ன்னு ஆகக்கூடாதுன்னு நினைப்பான். கேட்டா "ஒண்ணுமில்ல மச்சி, தூக்கம் சரியில்ல"ன்னு சிரிப்பான். சாப்பாட்டை ரெண்டு ஸ்பூன் எடுத்துட்டு தட்டை நகர்த்திடுவான். பொண்ணுங்க கேங்கும் விதிவிலக்கு இல்லை. வீட்டுல சண்டை போட்டு பர்மிஷன் வாங்கிட்டு வந்தவ, "அப்பவே சொன்னேன்ல"ங்கற டயலாக்கைக் கேட்கக் கூடாதுன்னே பல்லைக் கடிச்சுட்டு நடப்பா.

அதனால இந்தப் பேச்சை மலையில் பேசாதீங்க. ரயிலில் பேசுங்க. முப்பது மணி நேரத்துக்கு மேல இருக்கு, ரம்மி ஆடற நேரத்துல அரை மணி நேரம் ஒதுக்கினா போதும். ஒருத்தர் இறங்கணும்னா கூட யார் இறங்குவாங்க? சீட்டு குலுக்கிப் போட்டு பேரை எழுதியே வெச்சுடுங்க. உடம்பு சரியில்லாதவரைத் தனியா அனுப்பறதுங்கற பேச்சே இருக்கக்கூடாது. இறங்கற ரெண்டு பேரோட வண்டிச் செலவும் தங்கற செலவும் பொதுப் பணத்திலிருந்து. இதுக்காக முதலிலேயே தனியா ஒரு தொகை எடுத்து வெச்சுடுங்க, அதை யாரும் தொடக் கூடாது. ஊருக்கு வந்ததும் "இவனாலதான்டா"ன்னு ஓட்டறது, கேன்டீன்ல பட்டப்பேர் வைக்கிறது எல்லாம் கட். இதுக்கு ஒத்துக்காத ஆளை டெல்லியோட திருப்பி அனுப்பினாலும் தப்பில்லை.

இதனாலதான் மூணு பேரா போகாதீங்கன்னு சொல்றேன். ஒருத்தர் படுத்தா, ஒருத்தர் கூட இறங்கணும், மூணாவது ஆள் பாவம் நடுவுல நிப்பார். ஆறு பேர் நல்ல எண்ணிக்கை. ரெண்டு பேர் இறங்கினாலும் நாலு பேர் மேலே போகலாம். உச்சிக்கு கிளம்பற அன்னிக்கும், 'இத்தனை மணிக்குள்ள போய்ச் சேரலைன்னா, எங்கே நிக்கிறோமோ அங்கேயிருந்து திரும்பறோம்'னு வழிகாட்டிகிட்ட கேட்டு நேரத்தை முந்தின ராத்திரியே முடிவு பண்ணிடுங்க. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கிற முடிவு உருப்படாது.

வானிலையும் அப்படித்தான். 2024 ஜூன் மாசம் உத்தராகண்டில் சஹஸ்த்ர தால் ஏரிக்குப் போன ஒரு குழு மோசமான வானிலையில் மாட்டிக்கிச்சு. உள்ளூர் வழிகாட்டிகளோட சேர்த்து 22 பேர், பெரும்பாலும் கர்நாடகாக்காரங்க. 9 பேர் திரும்பி வரலை. கோடைக்காலத்துல நடந்தது அது. பனிமூட்டமா இருக்கு, காத்து சரியில்லைன்னு வழிகாட்டி கையைக் காட்டினா, டென்ட்டுக்குள்ள உட்கார்ந்து அந்தாக்ஷரி பாட உங்களுக்கு ஒரு நாள் கையில் இருக்கணும். மறுநாள் ராத்திரி ரயில் டிக்கெட் பாக்கெட்டில் இருந்தா மனசு உட்காராது. ஜனவரியில வடக்கே பனிமூட்டத்துல ரயில்களே மணிக்கணக்கா லேட்டா ஓடும். அதுக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

திருத்தணி கோச்சிங் சென்டர்

உயரத்துக்கு இங்கே பயிற்சி எடுக்க வழியில்லை. காலுக்கு எடுக்கலாம். அதுக்கு ஆவடிக்காரங்களை மாதிரி கொடுத்து வெச்சவங்க யாரும் இல்லை. நம்ம லோக்கல் ரயில் தண்டவாளமே அரக்கோணம் தாண்டி திருத்தணி வரைக்கும் போகுதே! முருகன் கோயில் 365 படி. ஒரு படி அரை அடின்னு வெச்சா, மொத்தம் சுமார் 55 மீட்டர் ஏத்தம். சாங்க்ரியிலிருந்து ஜூடா கா தாலாப் வரைக்கும் ஒரே நாளில் ஏறவேண்டியது சுமார் 820 மீட்டர். கணக்கு போட்டா பதினஞ்சு திருத்தணி! அந்தப் பக்கமே சோளிங்கர் யோக நரசிம்மர் மலை இருக்கு, 1,305 படி. அதில் நாலு போட்டா கிட்டத்தட்ட ஒரு நாள் நடை.

பயந்துடாதீங்க. ரெண்டு மாசம் இருக்கு. முதல் ஞாயிறு திருத்தணியில் ரெண்டு தடவை, வெறும் கையோட. அப்புறம் பையில் ரெண்டு ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலா ஏத்திக்கிட்டே போய், ஏழெட்டு கிலோ வரைக்கும் கொண்டு வாங்க. வார நாளில் பருத்திப்பட்டு ஏரியைச் சுத்தி வேக நடை, இல்லைன்னா அபார்ட்மென்ட் மாடிப்படி. எல்லாரும் ஏறறதுக்குத்தான் பயிற்சி எடுக்கறாங்க. முட்டியைப் பதம் பார்க்கிறது இறக்கம். கேதார்கந்தா உச்சி தொட்ட அதே நாள் ஹர்காவ் வரைக்கும் சுமார் 1,100 மீட்டர் இறங்கணும். அது இருபது திருத்தணி இறக்கம். அதனால கோயில் படியில் தடதடன்னு ஓடி இறங்காம, ஒவ்வொரு படியா காலை ஊன்றி மெதுவா இறங்கப் பழகுங்க. ஷூவையும் அப்பவே வாங்கிப் போட்டுடுங்க. புது ஷூவை சாங்க்ரியில் பெட்டியைப் பிரிச்சுப் போடறவனுக்கு கொப்புளம் நிச்சயம்.

காட்டுப் பாதையில் பழகணும்னா, தமிழ்நாடு வனத்துறையோட 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கு. 2024 அக்டோபரில் 40 பாதைகளோட ஆரம்பிச்சது, ஆன்லைன் முன்பதிவு. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே, பூண்டி பக்கம் குடியம் குகை அந்தப் பட்டியல்ல இருக்கு. அனுமதி இல்லாம எந்த மலையிலும் நுழையாதீங்க. 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேல போனாங்களே, அதில் நம்ம சென்னையிலிருந்து போனவங்களும் இருந்தாங்க.

பை விஷயம் சுருக்கமா. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். ஒரே ஒரு குண்டு ஸ்வெட்டருக்குப் பதிலா மூணு அடுக்கு. உள்ளே வேர்வையை வெளியேத்தற சிந்தெடிக் பனியன், நடுவுல கம்பளி மாதிரி ஒண்ணு, மேலே காத்தும் ஈரமும் புகாத ஜாக்கெட். ராத்திரி மைனஸுக்குப் போகும். ஊட்டி டூருக்கு வாங்கின மங்கி குல்லா தாராளமா போதும், வெட்கப்படாதீங்க. பனியில் வெயில் பட்டு கண்ணைக் குத்தும், கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்லை. ஜாக்கெட், ஷூவில் மாட்டற பனிமுள் இதெல்லாம் சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். ஆவடி ஓ.சி.எஃப். தொழிற்சாலையில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கிறவங்க உங்க தெருவில் யாராவது இருப்பாங்க. துணி, தையல், அடுக்கு பத்தி அவங்ககிட்ட ஒரு சாயங்காலம் பேசிப் பாருங்க, எந்த ஷோரூமும் சொல்லாத விஷயம் வரும்.

வீட்டு பர்மிஷன்? "ஃப்ரெண்ட்ஸோட டெல்லி போறேன்"னு பாதி உண்மை சொல்ற டெக்னிக் இங்கே வேலைக்காகாது. சாங்க்ரி தாண்டினா செல்போன் சிக்னலை நம்ப முடியாது. நாலு நாள் போன் எடுக்கலைன்னா அம்மா போலீஸ் ஸ்டேஷன் போயிடுவாங்க. தேதி வாரியா எங்கே தூங்குவீங்க, வழிகாட்டி நம்பர் என்ன, எந்தத் தேதி ராத்திரிக்குள்ள போன் வரும்னு ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டுப் போங்க. அதில் அந்த ஏழாவது நாளையும் சேர்த்தே எழுதுங்க. "ஒன்பதாம் தேதியே வந்துடுவோம்"னு வாய் விட்டா, அந்த ஒரு நாளைக்கு வீட்டுல யாருக்கும் தூக்கம் வராது.

சரி, யாருக்கும் தலை வலிக்கலை, வானமும் தெளிவா இருந்துச்சு, ஏழாவது நாள் செலவாகாம கையில் நின்னுடுச்சுன்னா? சாங்க்ரியிலேயே இருங்க. வெயிலில் கால் நீட்டி உட்காருங்க. அப்படியே கீழே நைட்வார் பக்கம் ஒரு நடை போய்ட்டு வாங்க. அங்கே மலைக்காரங்க கர்ணனுக்குக் கோயில் கட்டி வெச்சிருக்காங்க. நிஜமா பாஸ், மகாபாரதக் கர்ணனுக்கேதான். மரத்தாலான பழைய கோயில். சிவாஜி படம் டி.வி.யில் ஓடும்போதெல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிற அப்பாவுக்கு அங்கேயிருந்து ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. சிக்னல் கிடைச்ச உடனே முதலில் அதை அனுப்புங்க.